கண்டக்டர் இல்லாத வண்டி

"கதவு தெரியுதாப்பா"ன்னு கேக்குது அந்த டாக்டர் பிள்ளை. கண்ணுல பெட்டிய மாட்டிவிட்டுட்டுத் தெரியுதான்னு கேட்டா? நல்லாத் தெரியுது. நீளமா ஒரு வராண்டா, ரெண்டு பக்கமும் வெள்ளச் செவரு, பளபளன்னு தரை, கடேசியில ஒரு கதவு. எவன் வீடோ. வாசல்ல ஒரு செருப்பு கெடக்கல, செவத்துல ஒரு காலண்டர் தொங்கல, கொடியில ஒரு துண்டு இல்ல, ஆள் பொழங்குற வீடு மாதிரியே இல்ல. நான் நிக்கிறது மதுரை ஆஸ்பத்திரி மாடியில ஒரு பெரிய ஹாலு, அது எனக்குத் தெரியும், உள்ள வரும்போதே பாத்தேன், நடுவுல செவரும் கெடையாது கதவும் கெடையாது, வெறும் கட்டாந்தரை. மேல ஓடுற கம்பியில இருந்து ஒரு பெல்ட் இறங்கி என் இடுப்பையும் தோளையும் கட்டியிருக்கு, விழுந்தாலும் தரை படாதாம். ரெண்டு கெண்டைக்கால்லயும் தீப்பெட்டி கணக்கா என்னமோ ஒட்டியிருக்கு, தலையில ஒயர் வச்ச தொப்பி. இந்தக் கோலத்துல எங்க வண்டி டிரைவர் சிக்கந்தர் அண்ணன் என்னையப் பாத்தா சிரிச்சே உசுர விட்டுருவாரு. என்னடா தவசி, சூரசம்ஹாரத்துக்குக் கெளம்பிட்டியாம்பாரு. என் பொண்டாட்டி பஞ்சவர்ணம் செவத்தோரம் நாற்காலியில உக்காந்துருக்கா, அவ இப்ப கண்ணுக்குத் தெரியல, வளையல் சத்தம் மட்டும் வருது. என்னைய விட அவளுக்குத்தான் படபடப்பு. "வி.ஆர்.னு சொல்லுவாங்கப்பா, சும்மா சினிமா மாதிரி, பயப்படாதீங்க, அந்தக் கதவு வழியா நடந்து போங்க, போதும்"னு சொல்லுது பிள்ளை. பேரு இலக்கியா. என் பேத்தி வயசுதான் இருக்கும், வாய் நெறைய அப்பாங்குது. சினிமாவுக்கு எவன்ம்மா பயந்தான், நான் பயப்படுறது என் காலுக்கு.

இந்தக் காலு இருக்கே காலு. பார்க்கின்சன்னு டாக்டர் சொன்னாரு, நம்மூருப் பேச்சுக்கு நடுக்குவாதம். கை ஆடுறதக் கூட நான் பெருசா எடுத்துக்கல. கட்டவிரலும் பக்கத்து விரலும் தன்னால உருண்டுக்கிட்டே இருக்கும், மாத்திரை உருட்டுற மாதிரின்னு டாக்டர் சொன்னாரு, சிக்கந்தர் அண்ணன் பாத்துட்டு, ரிட்டயர்டு ஆகியும் இன்னும் டிக்கெட்டு கிழிக்கிறியேடான்னு சொன்னாரு, அன்னையிலருந்து எனக்கு அது டிக்கெட்டுதான். காலுதான் மானத்த வாங்குது. சமதரையில போய்க்கிட்டே இருக்கும், ஒரு நெலைப்படியக் கண்டா, ஒரு சந்தக் கண்டா, பொட்டுன்னு ஒட்டிக்கிரும். மேல்ஒடம்பு போகுது, கால் வரமாட்டேங்குது. போன மாசம் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு முன்னால ரோட்டக் கடக்கையில, நட்ட நடு ரோட்டுல ஒட்டிக்கிருச்சு. பின்னால ஒரு பஸ்ஸு. என்ன பஸ்ஸுங்கிற? போடி வண்டி. மதுரை போடி. என் சர்வீசு பூராம் நான் கண்டக்டராத் தொங்கிப் போன அதே ரூட்டு வண்டி. டிரைவர் சின்னப் பய, என்னைய அவனுக்கு எங்க தெரியப் போகுது, தலைய வெளிய நீட்டி, "யோவ் பெருசு, வீட்டுல சொல்லிட்டு வந்தியா"ன்னு கத்துறான். எத்தன பேர நான் இப்படித் தலைய நீட்டி வஞ்சிருப்பேன். வண்டிக்குள்ள இருந்து சனம் எட்டிப் பாக்குது. நான் நிக்கிறேன். ஒரு பஸ்ஸ நான் நிறுத்தி வச்சிருக்கேன், அதுவும் விசில் இல்லாம. பூக்கட்டுற பொம்பள ஓடிவந்து கையப் புடிச்சு இழுத்துவிட்டுச்சு, அதுதான் போயி பஞ்சுகிட்டயும் சொல்லிருச்சு. அன்னைக்கே பஞ்சு தீர்ப்புச் சொல்லிப்புட்டா. "மதுரை டாக்டரு உங்க நடையப் பாக்கட்டும். நிக்காம நடந்தீகன்னா தனியா டீக்கடைக்குப் போங்க, நான் ஒரு வார்த்தை கேக்கல. நின்னீகன்னா நம்ம வீட்டு வாசல்தான் எல்லை." அம்புட்டுதான். காலையில அந்த பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சு, சிக்கந்தர் அண்ணன், வண்டி உள்ள வர்ற சத்தம், டீசல் வாடை, இதுக்காகத்தான் நான் விடிஞ்சா எந்திரிக்கிறதே. அதுவும் இல்லைன்னா என்னத்துக்கு எந்திரிக்க? செவத்தப் பாத்துப் படுத்துக்கெடக்க எனக்குத் தெரியாது. அதனாலதான் வாயக் கட்டிக்கிட்டு இந்தத் தொப்பிய மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

சரி, நட தவசி. வலது காலு. ஊம், வந்துருச்சு. இடது. கதவு பக்கத்துல வருது, நான் போறனா அது வருதான்னே தெரியல, ஆனா வருது. நெலைய நிமுந்து பாக்கக் கூடாது, பாத்தா மாட்டுனோம். போ, போ, உள்ள போ. உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு பாரு, படியில நிக்காத, ஏ சட்டக்காரா உன்னையத்தான். அடப் போய்ட்டேனே. கதவு முதுகுக்குப் பின்னால போயிருச்சு. "சூப்பர்ப்பா"ங்குது பிள்ளை. அடுத்து இன்னொரு வராண்டா, இன்னொரு கதவு, முந்துனத விடக் கொஞ்சம் ஒடுக்கம். வேணும்னே ஒடுக்குறாக. ஒடுக்கம் எனக்கென்ன புதுசா? முகூர்த்த நாள்ல போடி வண்டியில ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருந்த எடம் இதுல பாதி இருக்காது. ஒரு கையில டிக்கெட்டுக் கட்டு, ஒரு கையில சில்லற, தோள்ல பை, காதுல பேனா, வாயில விசில். புடிக்கிறதுக்குக் கை எங்க இருக்கு? இடுப்ப சீட்டுக் கம்பியில சாச்சு, காலை அகட்டி, வண்டி ஆடுற பக்கம் ஆடி, முன்வாசல்ல இருந்து பின்வாசல் வரைக்கும் போயிட்டு வருவேன், ஒருத்தர் கால மிதிச்சதில்ல. ஆண்டிபட்டிக் கணவாய்ல வண்டி வளையுறப்ப ஏறுன சனம் பூராம் ஒருத்தர் மேல ஒருத்தர் சாயும், நான் மட்டும் நட்டமா நின்னு க.விலக்கு ஸ்டாப்புக்கு டிக்கெட்டு கிழிப்பேன். கணவாய்க் காத்து சன்னல்ல புகுந்து டிக்கெட்டெல்லாம் படபடக்கும். விடியக்காலம் மதுரைக்குத் திரும்புற நடையில உசிலம்பட்டியில மல்லியப்பூ மூடை ஏத்துவாக, எஞ்சின் பக்கத்துல அடுக்குனா, டீசல் வாடையும் பூ வாடையும் சேந்து ஒரு வாடை வரும் பாரு, அந்த வாடை இன்னைக்கும் எனக்குத் தூக்கத்துல வருது. இந்தப் பெட்டிக்குள்ள எல்லாம் இருக்கு, ஒரு வாடை இல்ல. வாடை இல்லாத ஊருல மனுசன் எப்படி நடக்க? ஆனாலும் நடந்துட்டேன், ரெண்டாவது கதவும் தாண்டியாச்சு, மூணாவதும். நிக்கல. பஞ்சு, பாத்துக்க.

பிள்ளை சூப்பர்ங்கிறதும் நின்னு போச்சு. பக்கத்துல கம்ப்யூட்டர் பாக்குற பையன்கிட்ட என்னமோ குசுகுசுங்குது. அடுத்த கதவு ரொம்ப ஒடுக்கம், பூனை போற சந்து மாதிரி இருக்கு. மாத்திரை இருக்குல்ல, பயப்படாத. ஆமா, மாத்திரை. நேத்து ராத்திரியில இருந்து மாத்திரை போடாம வரணும்னு பிள்ளை போன்ல சொல்லியிருந்துச்சு. எவனாச்சும் பரீச்சைக்குப் பேனா இல்லாமப் போவானா? டிப்போவுல வருசா வருசம் கண்ணுப் பரீச்சைக்குப் போறப்ப, எங்ககூட வேலை பாத்த சுந்தரராசு, அந்த போர்டுல இருக்குற எழுத்தப் பூராம் மனப்பாடம் பண்ணிட்டுல்ல போவான், சாகுற வரைக்கும் கண்ணு நல்லா இருக்குன்னுதான் எழுதிக் குடுத்தாக. அந்த டிப்போவுல படிச்சவன் நான். சட்டைப் பையில ஒண்ணு மடிச்சு வச்சு, கீழ ஒண்ணுக்குப் போறேன்னுட்டு, கொழாய்த் தண்ணிய ஊத்தி முழுங்கிட்டேன். அது இப்ப நல்லா வேலை செய்யிது. போதாக்கொறைக்கு மனசுக்குள்ள ரெண்டு விசில் குடுத்துக்கிறேன். ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போ. சிக்கந்தர் அண்ணன் ரெண்டு விசில் கேக்காம சக்கரத்த ஒரு சுத்து சுத்த மாட்டாரு. வானமே இடிஞ்சு விழட்டும், கலெக்டரே வந்து நிக்கட்டும், "கண்டக்டர் இல்லாம வண்டி எடுக்கக் கூடாது தம்பி"ம்பாரு. ஒருக்க கருமாத்தூர்ல நான் எறங்கி டீ குடிச்சிட்டு நிக்கிறேன், வண்டிக்குள்ள சனம் கத்துது, அந்த மனுசன் ஸ்டியரிங்ல தலைய வச்சுக் கண்ண மூடிட்டாரு. திரும்பிப் பாக்க மாட்டாரு, கண்ணாடியிலயும் பாக்க மாட்டாரு, காது மட்டுந்தான். அம்புட்டு நம்பிக்கை. அந்த மாதிரி ஒருத்தன் என்னைய நம்பி ஒக்காந்திருந்தானே, அதுக்கு மேல எனக்கு என்ன பதவி வேணும். ஒரே ஒரு தடவதான் என் விசில் இல்லாம வண்டி எடுத்தாரு. பஞ்சுவக் கட்டுன புதுசு. அவ அம்மா வீடு ஆண்டிபட்டி, நம்ம வண்டியிலதான் போவா, பின்வாசல் பக்கத்து சீட்டுல உக்காந்துக்குவா. நான் அசலாளு மாதிரி, "எங்கம்மா போகணும்"னு மொறைச்சுக்கிட்டு நிப்பேன். "நீங்க எங்க எறக்கி விடுறீகளோ, அங்க"ம்பா, நிமிராம. பக்கத்துல இருக்குறவுக சிரிப்பாக, எனக்குக் காதெல்லாம் சூடாகிரும், டிக்கெட்டத் தப்பாக் கிழிச்சிருவேன். அன்னைக்கு வண்டி நெறைய சனம், நான் முன்னால மாட்டிக்கிட்டேன், விசில் எங்கயோ கழுத்துக்குப் பின்னால போயிருச்சு, ஏறவேண்டியவுக பூராம் ஏறியாச்சு, எவனும் ரைட் குடுக்கல. டப் டப்புன்னு வண்டித் தகரத்துல ரெண்டு அடி. "போலாம் ரைட்"னு ஒரு பொம்பளக் கொரல். சிக்கந்தர் அண்ணன் எடுத்துட்டாரு. தேனியில எறங்கி டீ குடிக்கும்போதுதான் கேக்குறாரு, "என்னடா தவசி, இன்னைக்கு ரைட்டுல வளையல் சத்தம் கேட்டுச்சு?" எனக்குக் கோவமான கோவம், ரூல் தெரியாம ரைட் குடுத்துட்டாளேன்னு பஞ்சுவ வஞ்சேன். அவரு சொன்னாரு, "யாரு குடுத்தா என்னப்பா, ரைட்டுன்னா ரைட்டு."

அந்த ஒடுக்கக் கதவும் போயிருச்சு. எப்பப் போச்சுன்னே தெரியல, ஆண்டிபட்டி நெனப்புல தாண்டிட்டேன். "அப்பா, ஒரு நிமிசம்"னு இலக்கியா கிட்ட வந்து நிக்கிது, முகம் தெரியல, பவுடர் வாசம் வருது. "ரொம்ப நல்லா நடக்கறீங்கப்பா. மாத்திரை போடலதானே?" இல்லம்மான்னேன். கொரல் எனக்கே கோணலாக் கேட்டுச்சு. "ஏன் கேக்கறேன்னா, இது நீங்க நல்லா நடக்கறீங்களான்னு பாக்கற டெஸ்ட் இல்லப்பா. கால் ஒட்டிக்குதுல்ல, அந்த நேரத்துல தலைக்குள்ள என்ன ஓடுது, காலுக்கு என்ன சேதி போகுதுன்னு பாக்கறதுக்குத்தான் இவ்வளவும். ரோட்டுல வச்சு அதப் பாக்க முடியாது, அதான் கதவ நாங்களே செஞ்சு காட்டறோம். நீங்க நின்னாத்தான் எங்களுக்கு வேலையே." நல்லா இருக்கு கத. நின்னாத்தான் இவுகளுக்கு வேலை, நின்னா எனக்கு சோலி முடிஞ்சது. அப்பத்தான் செவத்தோரம் வளையல் அசையிது. "போட்டுருக்காரும்மா"ங்குறா பஞ்சு. "காலையில அட்டையில எண்ணிப் பாத்தேன், ஒண்ணு குறையிது. கீழ பாத்ரூமுக்குப் போனப்பவே தெரியும்." ஆத்தாடி. செக்கிங் ஏறுனா இப்படித்தான், பின்வாசல்ல சத்தமில்லாம ஏறி வந்து தோளத் தொடுவான். எத்தன பேரு டிக்கெட் இல்லாம முழிச்ச முழி பாத்திருப்பேன், இன்னைக்கு அந்த முழி எனக்கு, நல்லவேளை பெட்டி மறைச்சிருக்கு. பிள்ளை வையும்னு நெனச்சேன். சிரிக்கிது. "பரவால்லப்பா, இன்னைக்கு மாத்திரையோட நடந்ததா எழுதிக்கறேன், அதுவும் எங்களுக்கு வேணும். அடுத்த வாரம் மாத்திரை இல்லாம வாங்க, ஏமாத்தாம." அப்ப நான் பாஸான்னு கேட்டேன். "இதுல பாஸு ஃபெயிலு கெடையாதுப்பா"ங்குது. எங்க வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா, நான் தனியாப் போகலாம்னு. "போகலாமா வேணாமான்னு இத வச்சுச் சொல்ல முடியாது, ஆனா வெளிய போறது நல்லது, வீட்டுக்குள்ளயே இருக்கக் கூடாது"ன்னுச்சு. பிள்ளைக்கு நல்ல மனசு. சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே.

பெட்டியக் கழட்டுனாக. வெளிச்சம் கண்ணக் குத்துது. வெறும் ஹாலு, ஒரு கதவும் இல்ல, இம்புட்டு நேரம் எங்க போனேன், என்னத்தத் தாண்டுனேன். ஒயர் தொப்பி, தீப்பெட்டி, பெல்ட் எல்லாத்தையும் அந்தப் பையன் உருவிட்டான். தோளு லேசாயிருச்சு, டூட்டி முடிஞ்சு பையக் கழட்டி வச்ச மாதிரி. பஞ்சு செருப்ப எடுத்துப் போடுறா. பாத்தேல்ல, நாலு கதவு, ஒண்ணுலயும் நிக்கல, நாளைக்கு டீக்கடைக்குப் போறேன்னேன். "மாத்திரைய முழுங்கிட்டு ஆட்டம் காட்டுனா அது கணக்கா?"ங்குறா. மாத்திரைய நான் தெனந்தான முழுங்குறேன்? "முழுங்கித்தான் அன்னைக்கும் போனீக. பஸ்ஸுக்கு முன்னால நின்னீக." "தனியா வேணாம்"னு சொல்லிட்டா, கொரல ஒசத்தல, அதுதான் எனக்குப் பொறுக்கல. ஒசத்துனா நானும் ஒசத்தலாம். கண்ணு கலங்கியிருக்கு அவளுக்கு, அத வேற பாத்துத் தொலைச்சேன். போறேன்டி, நான் வண்டிக்குப் போறேன்னு விறுவிறுன்னு நடந்தேன். நல்லாத்தான் நடந்தேன். ஹாலுக்கு வெளிய போற கதவு, சாதாரண மரக் கதவு, ஒரு பக்கம் தெறந்து கெடக்கு, கீழ ஒரு அலுமினியப் பட்டை, வெளிய பெஞ்சுல நாலஞ்சு பேரு உக்காந்திருக்காக. அம்புட்டுதான். பொட்டுன்னு ஒட்டிக்கிருச்சு.

ஐயோ. இங்கயா. மேல்ஒடம்பு முன்னால சாயிது, குதிகால் தூக்கியிருக்கு, முன்பாதம் தரையில ஆணி அடிச்ச மாதிரி. முட்டி ரெண்டும் வெடவெடங்குது. பெஞ்சுல இருக்குறவுக நிமுந்து பாக்குறாக, ஒரு ஆளு வழி விட்டு ஒதுங்குறாரு, நான் வருவேன்னு. வரலையே. பின்னால இலக்கியா "கழட்டிட்டோமே எல்லாத்தையும்"னு அந்தப் பையன்கிட்ட முனங்குது, பாவம், அதுக்கு அதோட கவலை. மாத்திரை ஒடம்புல இருக்கு, சத்தியமா இருக்கு, பெறகு ஏன் நிக்கிற. வலது காலு, வலது காலு. கேக்கல. விசிலக் குடு. மனசுக்குள்ள ஊதுறேன், ரெண்டு விசில், மறுபடியும் ரெண்டு, காத்துதான் வருது. நம்மளா ஊதி நம்மளா போறது அந்தப் பெட்டிக்குள்ள நடந்துச்சு, இங்க நடக்கல. பயமா இருக்கு. விழுகுறதுக்குப் பயமில்ல, இப்படியே நின்னுருவேனோன்னு பயமா இருக்கு. சனம் பாக்க, போடி வண்டி ஆரன் அடிக்க, உலகம் பூராம் என்னையச் சுத்திப் போக, நான் மட்டும் இங்கனயே. சிக்கந்தர் அண்ணன் அன்னைக்குக் கருமாத்தூர்ல கண்ண மூடி உக்காந்திருந்தாரே, சனம் கத்தக் கத்த, அந்த மனுசனுக்கு மட்டும் எப்படிப் பயமில்லாமப் போச்சு? நான் வந்துருவேன்னு தெரியும் அவருக்கு. எனக்கு யாரு வருவா. பஞ்சு இப்ப கையப் புடிச்சு இழுப்பா, எப்பவும் இழுப்பா, இழுத்தா இன்னும் ஒட்டிக்கிரும்னு டாக்டரு சொல்லியும் கேக்க மாட்டா. பக்கத்துல வந்துட்டா. தேங்காயெண்ணெய் வாசம் வருது. கைய நீட்டுறா. இழுக்கல. என்னைய ஒட்டி, பின்னால நிக்கிறா. மூச்சு விடுற சத்தம் கேக்குது.

டப் டப்.

கதவுப் பலகையில உள்ளங்கை ரெண்டு தடவ விழுந்துச்சு, வளையல் கலகலன்னு குலுங்குச்சு. "போலாம் ரைட்"டுங்குறா. கொரல் கிழடு தட்டிருச்சு, ஆனா அதே கொரலுதான், அதே பின்வாசல் சீட்டு. நான் திரும்பிப் பாக்கல. பாக்கக் கூடாது. வலது காலு எந்திரிச்சிருச்சு. அலுமினியப் பட்டையத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துச்சு, பின்னாலயே இடது வந்துச்சு. வெளிய வந்துட்டேன். பெஞ்சுல இருந்த ஆளு என்னமோ கேக்குறாரு, காதுல விழல. வராண்டாவுல பாதி தூரம் வந்த பெறகுதான் பஞ்சு பக்கத்துல வந்து சேந்தா, முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டு. "நாளைக்கு டீக்கடைக்கு நானும் வாரேன்"னா. டீக்கடைக்கா, ஆம்பளைக உக்காந்திருக்குற எடத்துக்கு நீ எதுக்குன்னேன். "ஏன், கண்டக்டர் இல்லாம வண்டி எடுப்பீகளா?" எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு, ரெண்டையும் அடக்கிக்கிட்டு நடந்தேன். அந்த டீக்கடையில அவ சீனி கொறச்சுத்தான் குடிக்கணும், சக்கரை இருக்கு அவளுக்கு, கடைக்காரன்கிட்ட சொல்லி வைக்கணும். சிக்கந்தர் அண்ணன் கேப்பாரு, என்னடா தவசி, வளையல் சத்தத்தோட வர்றியேன்னு. சர்வீசு பூராம் கண்டக்டராவே காலத்த ஓட்டிட்டேண்ணே, இப்பத்தான் என்னைய டிரைவராப் போட்டுருக்காகன்னு சொல்லணும்.